வாடியும் வாசலும்

பெருநாளன்று எங்கள் குடும்பத்தார் ஒன்றுகூடினால் பகற்சோற்றுக்குப் பிறகு பேச்சு எப்படியும் வாடிக்குப் போய்ச் சேரும். மூத்த காக்காதான் தொடங்குவார். ராத்தா இடையில் புகுந்து திருத்துவார். தோணி கவிழப் பார்த்த கதை, யானை வந்த கதை, முட்டித் தயிரைப் பூனை உருட்டிய கதை என்று ஒவ்வொன்றாக வரும். எத்தனையோ முறை கேட்ட கதைகள்தாம் என்றாலும் பிள்ளைகள் வாய் பார்த்திருப்பார்கள். கடைசியில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்துல நாமளும் தமிழாக்களும் பிட்டும் தேங்காப்பூவும் போலதான் இருந்த" என்று சொல்லி முடித்துவைப்பார். எல்லோரும் தலையசைப்போம். நானும் பல ஆண்டுகள் தலையசைத்திருக்கிறேன். அது சரிதானா என்பதே இக்கட்டுரையில் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. எங்களூர் எழுவான்கரையில். வீடும் பள்ளியும் கடைத்தெருவும் கடலும் இந்தக் கரையில் இருக்க, சோறு மட்டும் அந்தக் கரையிலிருந்து வந்தது. எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் நெற்காணிகள் படுவான்கரையில்தான் இருந்தன. அப்போது பாலம் இல்லை. மண்முனைத் துறையில் பாதை ஏறிப் போக வேண்டும். பாதை தவறினால் தோணிதான்.

எங்கள் காணி வாவிக்கரை வரைக்கும் இறங்கிய காணி. அதன் ஓரத்தில் வாடி இருந்தது. காட்டுக்கம்புக் கால்கள், இடுப்பளவு மண்சுவர், இலுக்குப்புல் கூரை. ஒரு வாசல் வயலைப் பார்க்கும், மற்ற வாசல் தண்ணீரைப் பார்க்கும். 1978 நவம்பர் 23 ஆந் திகதிச் சூறாவளி பழைய வாடியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வாப்பாவும் மாமாவும் கம்பு வெட்டி வந்து மறுபடி கட்டினார்கள். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் நான் பிறந்தேன். "உனக்கும் வாடிக்கும் ஒரே வயசு மனே" என்று மாமா என்னிடம் சொல்வார்.

மாமா என்று நாங்கள் அழைத்தவர் இரத்த உறவல்ல. படுவான்கரைத் தமிழர், எங்கள் காணியின் முல்லைக்காரர். அவருடைய பெயரை இங்கு எழுதாமல் விடுகிறேன். வேலையாட்கள் முன்னிலையில் அவர் வாப்பாவைப் 'போடியார்' என்பார். இருவரும் தனியே தோணியில் இருக்கும்போது 'மச்சான்' என்பார். வாப்பாவுக்கோ அவர் எந்த இடத்திலும் மச்சான்தான்.

மாசி, பங்குனியில் வெட்டும் சூடடிப்பும் நடக்கும் நாட்களில் உம்மா எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வாடிக்குப் போவார். நான்கைந்து நாள் தங்குவோம். நாங்கள் போகுமுன் மாமா இரண்டு கோழிகளை உயிரோடு பிடித்துக் கட்டி வைத்திருப்பார். வாப்பாதான் அறுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கூரைக்குக் கீழே வளையில் ஒரு பன்பாய் சுருட்டிச் செருகியிருக்கும். அது வாப்பா தொழுவதற்கு மட்டும். எவ்வளவு ஆள் வந்து படுத்தாலும் அந்தப் பாயை விரிக்க மாமா விடமாட்டார். கொக்கட்டிச்சோலைத் தேருக்கு மாமா குடும்பத்தார் போவதற்கு வாப்பா வண்டிலும் மாடும் கொடுப்பார். களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றே சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரும் மாமாதான்.

ஒரு நிலவு நாளில் மாமா எங்களைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறுநுனியைக் காதோடு வைக்கச் சொன்னார். மீன் பாடுவது கேட்கும் என்றார். காக்காவுக்குக் கேட்டது. ராத்தாவுக்கும் கேட்டது. மாமாவின் மூத்த மகனுக்கும் கேட்டது. எனக்குக் கேட்கவில்லை. "எனக்கு ஒண்டும் கேக்கல்ல மாமா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும், "கேக்காட்டிக் கேக்கல்ல எண்டுதான் சொல்லணும். நீ சரியான ஆள் மனே" என்றார். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும்.

இவை யாவும் உண்மையான நினைவுகள். ஆனால், வளர்ந்த பிறகு யோசித்துப் பார்க்கையில் ஒன்று விளங்குகிறது. எங்களுக்கு அந்த நாட்கள் விடுமுறை. மாமா வீட்டாருக்கு அவை வேலை நாட்கள். நாங்கள் ருசித்த இறாற்கறியையும் பிட்டையும் விடியுமுன் எழும்பிப் புகையில் இருந்து ஆக்கியவர் மாமி. உம்மாவும் கூட இருந்து உதவினார்தான். ஆயினும் பெருநாட்கதைகளில் மாமியின் கைப்பக்குவம் வருகிறது, மாமியின் களைப்பு வருவதில்லை. பிட்டும் தேங்காப்பூவும் என்று வாய் நிறையச் சொல்கிறோம். பிட்டு அவித்தவர் யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரே வாடியில் கழிந்த ஒரே நாள், போடியாரின் பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியும் முல்லைக்காரரின் பிள்ளைகளுக்கு வேறு மாதிரியும் நினைவிருக்கக்கூடும். எங்கள் அன்பு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த அன்புக்குள்ளும் மேடு பள்ளம் இருந்தது என்பதே அர்த்தம்.

இனி, எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத கதைக்கு வருகிறேன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. பாதை நின்றது. ஆகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரமே ஏறாவூர். செப்டம்பரில் வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான். அங்கே தமிழர்கள். அந்த மாதங்களில் எழுவான்கரையில் எவர் வீட்டிலும் நித்திரை இல்லை. எங்களூரிலும் ஜனாஸாக்கள் வந்தன. தமிழர் என்ற சொல்லே எங்கள் தெருவில் வேறு தொனியில் ஒலிக்கத் தொடங்கியது. தமிழூர்களில் முஸ்லிம் என்ற சொல்லும் அப்படித்தான் ஒலித்திருக்க வேண்டும்.

அந்தச் செப்டம்பர் கடைசியில் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன், எங்கள் வீட்டு வாவிப்பக்கப் படலையில் யாரோ தட்டினார்கள். வாப்பா இடுக்கால் பார்த்தார். முகம் மாறியது. என்னைப் பிடித்து, "வாப்பா ஊரில இல்ல எண்டு சொல்லு" என்று காதுக்குள் சொல்லிவிட்டு உள்ளறைக்குள் போனார். நான் படலையைப் பாதி திறந்தேன். மாமா நின்றார். சாரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. கையில் ஒரு சின்ன முட்டியில் தயிர். ஒருநாளும் எங்கள் வீட்டுக்கு அவர் வெறுங்கையோடு வந்ததில்லை.

"மச்சான் இருக்காரா மனே?"

"வாப்பா ஊரில இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து பார்த்தார். வாசற்படியில் வாப்பாவின் தோற்செருப்பு கிடந்தது. அதை அவர் கண்டதை நான் கண்டேன்.

"வந்தாச் சொல்லு மனே, பெரியவனப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க எண்டு. அகதி முகாமில இருந்தவன். மூண்டு நாளாப் போச்சு. வாப்பாக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருந்தா ஒருக்காக் கேட்டுப் பாக்கச் சொல்லு."

முட்டியை என் கையில் தந்துவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போனார். உம்மா அன்றிரவு தயிரை எடுத்து வைத்தார். ஒருவரும் தொடவில்லை. மறுநாள் அது தென்னையடியில் ஊற்றப்பட்டது. மாமாவின் மூத்த மகன் திரும்பி வரவேயில்லை. துடுப்பில் காது வைத்து மீன் பாடுகிறது என்று சொன்ன அதே பையன்தான். அப்போது அவனுக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ வயது.

வாப்பா செய்ததை இன்றிருந்துகொண்டு தீர்ப்புக் கூறுவது எளிது. அவருடைய பக்கத்து நியாயத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கிழமைகளில் படுவான்கரைத் தமிழர் ஒருவரை வீட்டுக்குள் ஏற்றியதை அக்கம்பக்கத்தார் கண்டிருந்தால் வாப்பாவுக்குச் சந்தேகப் பெயர் வந்திருக்கும். ஆயுதம் வைத்திருந்தவர்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். மாமாவின் உயிருக்கே ஆபத்து வந்திருக்கலாம். அவரை விரைவாகத் திருப்பியனுப்பியது அவருக்கு நல்லது என்றும் வாதிடலாம். பிடித்துக்கொண்டு போனவர்களிடம் போய்க் கேட்கும் பலம் ஒரு வயற்சொந்தக்காரருக்கு ஏது? கேட்டிருந்தாலும் பையன் வந்திருக்கமாட்டான் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. உதவ முடியாமை ஒன்று, முகம் காட்டாமை இன்னொன்று. 'மச்சான், என்னால ஒண்டும் ஏலாது' என்று படலையில் நின்று சொல்வதற்குச் செல்வாக்குத் தேவையில்லை. இரண்டு நிமிடம் போதும். மகனைப் பறிகொடுத்தவனின் கையைப் பிடிப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எங்களிடம் அன்று இல்லாமற்போனது பலமல்ல, அந்த இரண்டு நிமிடம்தான்.

வாப்பாவின் கணக்கு அவருடைய ரப்போடு. என் கணக்கு வேறு. பருவமடையாத பிள்ளையின் செயல் எழுதப்படுவதில்லை என்பது மார்க்கம் தரும் ஆறுதல். பதினொரு வயதில் நான் சொன்ன பொய் என் ஏட்டில் இல்லாதிருக்கலாம். ஆனால், 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்தம் வந்து பாதைகள் திறந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. ஆசிரியர் கலாசாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்லொழுக்கம் எப்படிக் கற்பிப்பது என்று குறிப்பெழுதிய காலம். சனங்கள் படுவான்கரைக்குப் போய் வரத் தொடங்கியிருந்தார்கள். காக்கா வாப்பாவிடம், "ஒருக்காப் போய்ப் பாப்பமா?" என்று கேட்டார். வாப்பா வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "இப்ப போய் என்னத்தச் சொல்ற?" என்றார். காணியைப் பற்றிய கவலை என்று காக்கா எடுத்துக்கொண்டார். அது காணியைப் பற்றியதல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பேசவில்லை. மாமா 2004 இல் காலமானார். வாப்பா 2006 இல் மௌத்தானார். இருவரும் உயிரோடிருக்க, வழியும் திறந்திருந்த இரண்டு ஆண்டுகள் அப்படியே போயின. படலையில் நடந்ததற்கு நான் பொறுப்பாளி அல்லன். இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நானே பொறுப்பாளி.

மனிதருக்கு மனிதர் செய்த அநீதியை, பாதிக்கப்பட்டவர் மன்னிக்காதவரை வெறும் தௌபா தீர்த்துவிடாது என்று சிறுவயதிலிருந்தே ஓதிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இங்கேயே தீர்த்துக்கொள்ளச் சொல்கிறது நபிமொழி. அந்தக் கடமைக்கு ஒரு தவணை உண்டு என்பதை நான் ஏட்டில் படித்திருந்தேன். தவணை தவறிய பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

2007 இல் படுவான்கரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2014 இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். ஒரு காலத்தில் பாதைக்காகக் காத்துக் கிடந்த தண்ணீரைச் சைக்கிளில் ஓரிரு நிமிடத்தில் கடக்கலாம். 2015 இல் நான் தனியே போனேன். வாடி இருந்த இடத்தில் இரண்டு கால்கள் மட்டும் கறுத்து நின்றன. விசாரித்து மாமாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாமி திண்ணையில் இருந்தார். யாரென்று சொன்னதும் என் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். சுவரில் மாமாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. பக்கத்தில் மூத்த மகனின் படம். அதற்கு மாலை இல்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகியும் மாமி அதற்கு மாலை போட விடவில்லை என்று மகள் சொன்னார்.

தேத்தண்ணி வந்தது. மாமி கதைத்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் சொன்னார்: "அண்டைக்குப் போடியாரத் தேடித்தான் ஓடினவர் தம்பி. அவர் ஊரில இல்லாமப் போச்சாம். இருந்திருந்தா எப்படியும் என்ட புள்ளைய மீட்டுத் தந்திருப்பாராம். சாகுமட்டும் அதத்தான் சொல்லிட்டிருந்தவர்."

செருப்பைக் கண்ட மனிதர் தன் மனைவியிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லியிருக்கிறார். என் கையில் தேத்தண்ணிக் கோப்பை நடுங்கியது.

ஒரே பொய்யைத்தான் நாங்கள் இருவரும் சொன்னோம். வாப்பா ஊரில் இல்லை என்று நான் அவரிடம் சொன்னேன். அதையே அவர் மாமியிடம் சொன்னார். என் பொய் ஒரு நட்பை முறித்தது. அதே பொய்யைக் கொண்டு அவர் அந்த நட்பை மாமியின் மனதில் காப்பாற்றி வைத்தார். மனிதரிடையே இணக்கம் உண்டாக்கச் சொல்லும் வார்த்தை பொய்யாகாது என்று நமது கிதாபுகள் சலுகை தருகின்றன. அந்தச் சலுகை இருப்பதையே அறியாத ஒருவர் அதற்கு வாழ்ந்து காட்டியிருக்கிறார். அதை ஓதித் தெரிந்த நாங்களோ படலைக்குப் பின்னால் நின்றோம்.

அன்று மாமியிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியோடு நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். உண்மை எப்போதும் சொல்லப்பட வேண்டும் என்பது ஒரு பக்கம். சொன்னால் எனக்குப் பாரம் குறையும். ஆனால், அந்தப் பாரம் எங்கே போகும்? எண்பதை நெருங்கிய ஒரு தாயின் மடியில் போய் விழும். மகனும் இல்லை, கணவனும் இல்லை, 'நமக்கு ஒரு நல்ல கூட்டாளி இருந்தார்' என்பது மட்டும் மிஞ்சியிருக்க, அதையும் நான் பறித்திருப்பேன். செய்த தீங்கை அறியாதவரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டுமா, சொல்வது நோவைக் கூட்டுமானால் விட்டுவிட்டு அவருக்காகத் துஆச் செய்து நன்மை செய்ய வேண்டுமா என்பதில் நம் அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. நான் இரண்டாவதைத் தெரிந்துகொண்டேன். மாமிக்காகவா, என் கோழைத்தனத்துக்காகவா என்று கேட்டால் இன்றும் முழுமையாகப் பதில் சொல்ல ஏலாது. வருடத்தில் நான்கைந்து தடவை போய் வந்தேன். மருந்துக்கு மட்டக்களப்புக்குக் கூட்டிப் போனேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு உண்டு. மாமியிடம் சொல்லாமல் விட்டது நியாயமாக இருந்தாலும், எங்கள் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதற்கு நியாயமில்லை. பாதிக்கப்பட்டவரின் மனம் நோகாதிருக்க உண்மையை மறைப்பது வேறு. தவறு செய்த வீட்டின் மானம் போகாதிருக்க மறைப்பது வேறு. பின்னதற்குத்தான் நாங்கள் 'இனிய நினைவு' என்று பெயர் வைத்திருந்தோம். வாடிக்கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளை, அவ்வளவு அன்பாயிருந்தவர்கள் ஏன் பிரிந்தார்கள் என்று கேட்டால், துவக்கு வைத்திருந்தவர்களைச் சுட்டிக்காட்டிவிட்டு எழும்பி விடுகிறோம். துவக்குக்காரர் வந்தது உண்மை. அவர்கள் வராத ஒரு படலையும் இருந்தது. அதைச் சாத்தியது நாங்களே. அந்தக் கரையிலும் இப்படிச் சாத்தப்பட்ட படலைகள் இருந்திருக்கும். அவற்றை அந்தக் கரையார் எழுதட்டும். நான் என் வீட்டுப் படலையை மட்டும் எழுதலாம்.

மாமி 2021 இல் காலமானார். அடுத்த பெருநாளில், வழமைபோல் வாடிப்பேச்சு தொடங்கியபோது, இந்தக் கதையையும் சொன்னேன். காக்கா கோபித்துக்கொண்டு எழுந்து போனார். மௌத்தானவரைக் குறை சொல்கிறாய் என்றார். இறந்தோரின் குறையைப் பேசக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால், மாமாவும் இறந்தவர்தான். அவருடைய நிறையைச் சொல்லாமல் மறைப்பதற்கும் எனக்கு உரிமை இல்லை. ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல வழியில்லாமற் போயிற்று. ராத்தா மட்டும் அழுதுகொண்டே, "அந்தத் தயிர நான்தான் ஊத்தின" என்றார். அவரும் முப்பது வருடங்களுக்கு மேல் அதைத் தனியே சுமந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதை எழுதுமுன் பாலத்தைக் கடந்து போய் மாமாவின் மகளைக் கண்டு, நடந்ததை முழுவதும் சொல்லி, எழுதலாமா என்று கேட்டேன். செருப்பைப் பற்றிச் சொன்னபோது அவர் வெளியே வாவிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் பேசினார்.

"எழுதுங்க. ஆனா அப்பா அம்மாட்டச் சொன்னதையும் எழுதுங்க. அத விட்டுராதீங்க."

விடவில்லை.